கோல்கீப்பரின் ஷூ லேஸ்

இன்று காலை திண்டுக்கல்லில் நடந்த மேட்ச்சுக்கு நான்தான் ரெஃப்ரி. ஒரு கோல் முன்னிலையில் இருந்த அணியின் கோல்கீப்பர், பந்தை உதைக்காமல் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தார். நேரம் கடத்துகிறார் என்று மஞ்சள் அட்டை காட்டினேன்.

“நெசமாவே அவுந்துருச்சு சார்!” என்றார். நான் நம்பவில்லை.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஜன்னலோரம் நான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அதே கோல்கீப்பர்.

என் ஸ்டாப் வந்தது. “தம்பி, கொஞ்சம் வழி விடுங்க.”

“செத்த நேரம் பொறுங்க சார், லேஸ் அவுந்துருச்சு.”

குனிந்தவர் நிதானமாக இரட்டை முடிச்சுப் போட்டார். நான் எழுந்து நின்றும் நகர இடமில்லை. என் விசில் பைக்குள் கிடக்க, கண்டக்டர் தன் விசிலை ஊதினார். பஸ் கிளம்பிவிட்டது.

லேஸ் தானாக அவிழ்ந்ததா, அவரே அவிழ்த்தாரா? ரெஃப்ரிகள் யாராவது இருந்தால் தீர்ப்பு சொல்லுங்கள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்துகொண்டிருக்கிறேன்.