பரிபூரணத்தின் மிதிமணை

புதுக் கருவி செய்தவர்களுக்கு எங்கெங்கோ சிலை வைக்கிறார்கள். சுந்தரபாண்டியம் ஊர்க்காரி பரிபூரணத்துக்கு ஊர் வைத்தது பட்டப்பெயர்தான்: மிதிகாரி.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டையொட்டி நடந்தது. புருஷன் போனபின் அவளுக்குச் சோறு போட்டது பருத்தி மணை. இரண்டு உருளைக்கு நடுவே பருத்தியைக் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால் பஞ்சு அந்தப் பக்கம் போகும், கொட்டை இந்தப் பக்கம் விழும். கிணற்றுமேட்டில் விழுந்ததில் அவளுடைய வலது தோள் முறிந்தது. கட்டுப் போட்டும் கை எழவில்லை. மணை சுற்ற முடியாதவளுக்கு யார் பருத்தி தருவார்கள்? அண்ணன் வீட்டில் போய் ஒண்டிக்கொள்ளச் சொன்னார்கள். அந்தப் பேச்சே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கைப்பிடியில் கயிறு கட்டி, கீழே ஒரு பலகையில் முடிந்தாள். மிதித்தால் பாதிச் சுற்றில் நின்றுபோனது. மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, கடைசியில் உருளையின் மறுமுனையில் பழைய திருகைக் கல்லை மாட்டினாள். கல்லின் கனம் மீதிச் சுற்றை இழுத்துக்கொண்டது. இடது கை பருத்தி கொடுக்க, கால் மிதிக்க, மணை ஓடியது.

ஊர் பொறுக்குமா? முறத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊர். ஆயுதபூஜையன்று வீடுவீடாக மணைக்குச் சந்தனம் வைத்துவந்த பெரியவர் ஆவுடையப்பன் அவள் வாசலில் நின்றுவிட்டார்.

"ஏட்டி, சோறு போடுற சாமானைக் காலால மிதிக்கியே. பலகையைக் கழத்து. இல்லைன்னா ஒரு வீட்டுப் பருத்தியும் ஒனக்கு வராது."

"ஒங்க இடுப்பு வேட்டியைத் தறிக்காரவுக மிதிக்காமலா நெய்ஞ்சாக, பெரியய்யா? வில்லிபுத்தூர்ல ஆண்டாளுக்குச் சாத்துற சேலையும் மிதிச்சு நெய்ஞ்சதுதான். தாயாரே உடுத்திக்கிடுதா. நான் கழத்தமாட்டேன்."

அவர் சந்தனம் வைக்காமலே போனார். பரிபூரணம் தானே குழைத்து, மிதிபலகைக்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

சொன்னபடியே பருத்தி வரவில்லை. அரைவயிறாகக் கிடந்தாள், பலகையைக் கழற்றவில்லை.

பங்குனியில் ஆவுடையப்பன் வீடு நிறையப் பருத்தி. மழைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பஞ்சு ஏற்ற ராஜபாளையத்து வியாபாரி ஜெய்னுலாப்தீன் வண்டியோடு வந்துவிட்டார். மற்ற மணைகள் எல்லாம் சேர்ந்தும் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆவுடையப்பனே கூடையைச் சுமந்து பரிபூரணம் வாசலுக்கு வந்தார்.

"செத்த அரைச்சுக் குடு தாயி."

"அரைக்கலாம். நான் பருத்தி குடுக்கேன். நீங்க மிதிங்க."

"நானா?"

"ஒங்க பருத்திதான?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மிதித்தார்.