கேப்டனைக் கரையேற்றாத புத்தகம்

பழைய புத்தகக் கடை என்பது, படித்து முடித்தேன் என்று பொய் சொல்கிறவனிடம் வாங்கி, படிக்கப் போகிறேன் என்று பொய் சொல்கிறவனிடம் விற்கும் தொழில்.

ராயபுரம் டிராம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தத் தொழிலைத்தான் நான் செய்து வந்தேன். கடை என்றால் ஒரு கோணி, நாலு கல், மேலே ஒரு பாய்மரத் துணி. கடற்காற்று அடித்தால் சரக்கு பறக்கும். ஒருமுறை பறந்த அகராதி ஒன்று, முதல் பாதி எர்ணாவூரிலும் மறு பாதி சடையங்குப்பத்திலும் போய் இறங்கியது. நம்பாதவர்கள் போய் விசாரித்துக்கொள்ளலாம். காற்றையாவது கல் வைத்துச் சமாளித்தேன். ஜூன் மாதம் பிறந்ததும், பிள்ளையை ஹைஸ்கூலில் சேர்த்த கையோடு, “எந்தப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?” என்று கேட்டு வருகிறவர்களை எதை வைத்துச் சமாளிப்பது? உங்கள் வீட்டிலும் அந்த வயதில் ஒன்று இருந்தால் என் அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

எடை பார்த்தவர்

ஏழுமலை கட்டுமரக்காரர். மகள் சொர்ணம் பெண்கள் பள்ளியில் நாலாம் பாரம், இந்தக் கால ஒன்பதாம் வகுப்பு, சேர்ந்திருந்தாள். அவர்கள் மீனவர் குப்பத்திலிருந்து ஹைஸ்கூல் படியேறிய முதல் பெண் அவள்தான். ஏழுமலை கோணிமேல் இருந்த புத்தகங்களை வஞ்சிர மீனைத் தூக்கிப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். சிலதை அழுத்திப் பார்த்தார். ஒன்றை முகர்ந்தும் பார்த்தார்.

சொர்ணம் பின்னால் நின்றாள். அவள் கண் என்மேலேயே இருந்தது. ஏன் என்பது அவர் சொன்னதும் விளங்கியது. “ஆடி மாசம் வரைக்கும் பாப்பேன் நைனா. புஸ்தகத்தால வூட்டுக்கு ஒரு பிரயோஜனம் தெரியணும். தெரியல, கூடையத் தூக்கிக்கினு அவுங்கம்மாகூட மீனு விக்கப் போயிடணும்.”

பிரயோஜனமான புத்தகம்

பிரயோஜனம்தானே என்று, சுகாதாரப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். சொர்ணமும் பாவம், வீட்டில் உட்கார்ந்து வரி விடாமல் உரக்கப் படித்திருக்கிறாள். சாக்கடையை மூடு, தண்ணீரைக் காய்ச்சு, தினமும் சோப்புப் போட்டுக் குளி.

நாலாம் நாள் ஏழுமலை புத்தகத்தை என் கோணிமேல் விட்டெறிந்தார். உடம்பில் உப்பு பூத்து வெள்ளை வெள்ளையாக நின்றது. “பொழுது முச்சூடும் கடல்லயே ஊறிக்கினு கீறேன், என்னைப் போயி குளின்னு சொல்லுது நைனா உன் புஸ்தகம்!”

கட்டிப்போட்ட கேப்டன்

அடுத்ததாக ஒரு கதைப் புத்தகம் கொடுத்தேன். அட்டை போய்விட்டதால் அதன் பெயர் எனக்கே தெரியாது. முத்து வியாபாரம் செய்யும் கப்பல், நல்ல கேப்டன், கெட்ட மாலுமிகள். கரையில் வலையின் பொத்தலை அடைத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் சொர்ணம் அதைப் படித்துக் காட்டினாள். முதல் நாள் ஏழுமலை கேட்காத மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்தாராம். இரண்டாம் நாள் பக்கவாட்டில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் வலை அவர் மடியில் சும்மா கிடந்தது. பொத்தல் பெரிதாகி, அதன் வழியாக ஒரு சுறாவே குட்டிகளோடு போய்வந்தது என்று கூட்டாளிகள் சத்தியம் செய்தார்கள்.

கதையில் மாலுமிகள் கேப்டனைக் கொடிமரத்தில் கட்டிவிட்டார்கள். கப்பல் பாறையை நோக்கிப் போகிறது. அந்த இடத்தில் சொர்ணத்துக்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. மறுநாள் ஏழுமலை கடலுக்குப் போகும்போது புத்தகத்தையும் இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். எழுத்துத் தெரியாத மனிதருக்குக் கட்டுமரத்தில் புத்தகம் எதற்கு என்று பிறகு கேட்டேன். அவர் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “கரையில வுட்டுட்டுப் போனா, நான் இல்லாத நேரத்துல இவனுங்க எல்லாம் மீதியக் கேட்டுடுவானுங்களே!”

கன்னியம்மாள் வைத்தியம்

அன்றைக்கு ஓர் அலை கட்டுமரத்தைக் கவிழ்த்தது. ஏழுமலை நீந்தி வந்துவிட்டார். புத்தகமும் இடுப்போடு வந்தது, ஆனால் நனைந்த அப்பமாக. வீட்டில் அவர் மனைவி கன்னியம்மாள் இருந்தாள். கருவாடு போடுவதில் அந்தக் கரையிலேயே அவளுக்கு இணை கிடையாது. ஈரமான பொருள் கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தாள். முதுகைக் கீறிப் பிளந்தாள். பக்கத்துக்குப் பக்கம் கல்லுப்புத் தடவினாள். மணலில் விரித்து, காக்காய் கொத்தாமல் மேலே வலை போட்டு, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காய வைத்தாள்.

காய்ந்த புத்தகத்தை என்னிடம் பெருமையாகக் காட்டினாள். மொறமொறவென்று நன்றாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கங்களை மட்டும் காணோம். “எங்கேம்மா?” என்றேன். “பின்னால கொழகொழன்னு கீந்திச்சி, குடலு எடுக்காத வுட்டா நாறிப்பூடாதா நைனா, அதான் வழிச்சிப் போட்டேன்.”

வகுப்புக்கு வந்த பூனைகள்

சொர்ணம் மிச்சப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ராயபுரத்துப் பூனைகள் அத்தனையும் பின்னால் போயின. பிரேயருக்கு மணி அடித்தபோது வரிசை பிசகாமல் அவை நின்றன என்று கேள்வி.

தலைமை ஆசிரியை அம்மாள் குடையோடு என் கடைக்கே வந்துவிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினார். “நாலாம் பாரத்தில் எனக்கு இடம் இருப்பது பெண்களுக்கு மட்டும்தான், அந்தப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.”

ஆடி பிறந்தது

ஏழுமலை வந்தார். சொர்ணம் உடன் வந்தாள். அவள் கையில் புதுக் கூடை இருந்தது. அவள் அதைத் தரையில் வைக்கவும் இல்லை, சரியாகப் பிடிக்கவும் இல்லை.

“கேப்டன் இன்னா ஆனாருன்னு சொல்லு,” என்றார்.

எனக்குத் தெரியாது. விற்கிற புத்தகத்தை எல்லாம் படித்துக்கொண்டிருந்தால் யார் விற்பது? வேறு பிரதியும் கிடையாது. “தெரியாதே” என்று மெதுவாகச் சொன்னேன்.

“ரா முழுக்க அந்தாளு கொடிமரத்துல நின்னுகினு கீறாரு, எனுக்குத் தூக்கமே இல்ல. முடிவே இல்லாத படிப்பு இன்னாத்துக்கு? போதும்,” என்று அவர் திரும்பினார். சொர்ணம் திரும்பவில்லை. நான் என்ன சொல்வேனோ என்று நின்றாள்.

என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டு ஒரு நாளும் பேசியதில்லை. “முடிவு இல்லாமல் என்ன? இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. ஆனால் அது அஞ்சாம் பாரத்துப் புத்தகம். அந்த வகுப்புக்குப் போனவர்கள் கையில்தான் கொடுப்பார்கள். கடையில் கிடைக்காது,” என்றது அது.

ஏழுமலை யோசித்தார். மகளைப் பார்த்தார். பிறகு கூடையை அவள் கையிலிருந்து பிடுங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். “நடம்மே, மணி அடிச்சிடப் போறான், கேப்டன் அங்க தண்ணியில நிக்கறாரு!”

இரண்டாம் பாகம்

மறு வருஷம் ஜூனில் சொர்ணம் அஞ்சாம் பாரத்துக்குப் புத்தகம் வாங்க வந்தாள். கல்லைச் சரிசெய்கிற சாக்கில் நான் கோணிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். இல்லாத இரண்டாம் பாகத்துக்கு எங்கே போவேன்? அவளோ சாதாரணமாக ஓர் அல்ஜீப்ராவைப் பொறுக்கி எடுத்தாள். அதை விரித்து வைத்துக்கொண்டு மீதிக் கதையைத் தானே கட்டிச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். அப்பாவுக்கு எந்தப் புத்தகமும் ஒன்றுதான். அந்த வருஷம் கேப்டன் கட்டை அவிழ்த்துக்கொண்டார், ஒரு தீவில் ஒதுங்கினார், முத்து குளித்தார். கரை கண்ணுக்குத் தெரிகிற நேரம் பார்த்துப் புயல் வந்தது. குப்பம் முழுக்க வந்து உட்கார்ந்து கேட்டது.

அதற்கடுத்த ஜூனிலும் வந்தாள். முந்தின வருஷத்து அல்ஜீப்ராவைத் திருப்பிக் கொடுத்தாள். கசங்கியிருந்தது, ஆனால் கணக்குகளின் ஓரத்தில் விடைகளும் இருந்தன. “ஆளைக் கரையேற்றி முடித்துவிடேன் அம்மா, பாவம்,” என்றேன்.

“ஆறாம் பாரம் பாக்கி கீதே மாமா, இப்பவே கரையேத்திட்டா கூடை என் தலைக்கு வந்துடும்!”

ஹைஸ்கூல் சேரும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று இன்றும் கேட்கிறார்கள், கடைசிப் பக்கம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள் என்று நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறான் கிழவன் என்று போய்விடுகிறார்கள்.