மதராஸ் வெயிலுக்குச் சாய்த்த தகடுகள்

எனக்கு முன்கோபம் அதிகம். ஆபீஸில் பியூனிலிருந்து பெரிய அதிகாரிவரை எல்லோருக்கும் அது தெரியும். அந்தக் கோபத்தால் பட்ட அவமானங்களில் ஒன்றை மட்டும் இன்றைக்கும் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கும் தகடுகளை அரசாங்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தது. டெல்லியின் மேற்கு எல்லையில், மின்கம்பி போய்ச் சேராத ஒரு கிராமத்தில் சின்னதாக ஒரு பிரசவ விடுதி. அதன் மொட்டை மாடியில் நான்கு தகடுகள், உள்ளே மரப்பெட்டியில் ஆறு பேட்டரிகள், பிரசவ அறையில் ஒரே ஒரு டியூப் லைட். பொருத்தியவன் நான். பராமரிக்க வேண்டியவனும் நானே. மாதம் இரண்டு தடவை பஸ் பிடித்து, கடுகு வயல்களுக்கு நடுவே நடந்து போய், பேட்டரிகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிட்டு வருவேன்.

அங்கே இருந்த நர்ஸம்மா திருநெல்வேலிக்காரர். டெல்லிக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது. கோடையிலும் மழைக்காலத்திலும் விளக்கு ஜோராக எரிந்தது. டிசம்பர் வந்து பனிமூட்டம் இறங்கியதும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பிரசவம் நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு முறை அணைந்துபோய், லாந்தரைப் பிடித்துக்கொண்டு வேலையை முடித்தார்களாம்.

ஜனவரி தொடக்கத்தில் போய்ப் பார்த்தேன். பேட்டரி ஆசிடை உறிஞ்சிப் பார்க்க ஹைட்ரோமீட்டர் என்று ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே இருக்கும் மிதவை பச்சைக் கோட்டில் நின்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, சிவப்பில் நின்றால் காலி. ஆறிலும் சிவப்பு. குளிரில் பேட்டரி கொஞ்சம் சுணங்கும் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தானே தரையின் ஜில்லிப்பு படாமல் பலகை போட்டு, சுற்றிலும் வைக்கோல் அடைத்திருந்தேன்! என் வேலையில் குறை இருக்க முடியாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"ரேடியோ போட்டுக் கேக்கறீங்களா? இல்ல, விடிய விடிய லைட்டை எரிய விடறீங்களா?" என்று கத்தினேன்.

"என்ன சார் இப்படிச் சொல்லுதீய? பிரசவத்துக்கு மட்டுந்தான் போடுதேன். ரிஜிஸ்டர் எழுதக்கூட மெழுகுவத்திதான்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. நான் விறுவிறுவென்று ஆபீஸுக்கு வந்து ஃபைலில் எழுதினேன்: உபயோகிப்பவரின் கவனக்குறைவு, அமைப்பைக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். அதிகாரியும், ஜனவரி கடைசிவரை பார்த்துவிட்டுக் கழற்றிவிடலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோதி ரோடு குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் ஆரஞ்சு உரித்துத் தின்றபடி உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய மிளகாயைத் தரையில் துணி விரித்துப் பரப்பியிருந்தாள். மூன்று நாளாகக் காயப்போட்டும் இன்னும் நமுத்துத்தான் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா கயிற்றுக்கட்டிலைத் தூக்கி வந்தார். அதைத் தெற்குப் பார்த்து, தண்ணீர்த் தொட்டிமேல் நன்றாகச் சாய்த்து நிறுத்தினார். அதன்மேல் ரஜாயை, அந்தக் கனத்த பஞ்சுப் போர்வையை, விரித்தார். பிறகு எங்கள் மிளகாயைப் பார்த்து பஞ்சாபி கலந்த ஹிந்தியில் வேகமாக என்னவோ சொல்லிச் சிரித்தார்.

"என்னவாம்?" என்று மனைவியைக் கேட்டேன்.

"உங்க மதராஸ்ல சூரியன் தலைக்கு மேல நிக்கும். இங்க ஜாடேல, குளிர்காலத்துல, அது எதிர்லதான் நிக்கும், தரையில பரப்பினா எப்படிக் காயும்னு கேக்கறாங்க. கட்டில்ல போட்டுச் சாய்ச்சு வைக்கணுமாம்."

ஆரஞ்சைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். ஐயோ, என் தகடுகள்!

இந்த வேலைக்கு நான் பயிற்சி எடுத்தது மதராஸில். தகடு நிற்கிற ஸ்டாண்டின் படத்தை அங்கேதான் என் நோட்டில் வரைந்துகொண்டேன். சரிவு பதின்மூன்று டிகிரி. அந்தப் படத்தை அப்படியே கரோல் பாக் பட்டறையில் கொடுத்து வெல்டிங் பண்ணிக் கொண்டுபோய் மாட்டியிருந்தேன். டெல்லிக் குளிருக்கு நாற்பதுக்கு மேல் சாய வேண்டாமா? ஏறக்குறையப் படுத்தே கிடக்கும் கண்ணாடியில் தாழ்ந்து நிற்கும் சூரியன் சரியாக விழாது. பனி ஈரத்தில் தூசி சேறாகி அதன்மேலேயே படிந்தும்விடும். பத்து வருஷம் டெல்லியில் ஸ்வெட்டர் போட்டுத் திரிந்த எனக்கு இது உறைக்கவே இல்லை. நர்ஸம்மாவிடம் கத்தியது நினைவுக்கு வந்தபோது காது சுட்டது.

மறுநாள் அதிகாரியிடம் போய், தவறு என்னுடையது என்று ஃபைலிலேயே எழுதிக் கொடுத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அச்சா! உனக்குத் தப்புன்னு எழுதக்கூட வருமா?" என்றார். ஆனால் கெடுவைத் தள்ளவில்லை. மாதக் கடைசியில் ஆறு பேட்டரியும் பச்சைக்கு வர வேண்டும், ஒன்று குறைந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்றார்.

ஸ்டாண்டுக்குப் பின்னங்கால்களை உயரமாகச் செய்துகொண்டு கிராமத்துக்குப் போனேன். நர்ஸம்மா ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் மெழுகுச் சொட்டு. அதைப் பார்த்ததும் நான் தயார் பண்ணி வைத்திருந்த வசனமெல்லாம் போய்விட்டது.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. தப்பு முழுக்க என்னோடது."

"விடுங்க சார். லைட்டு எரியுமா, அதைச் சொல்லுங்க."

"ரெண்டு வாரம் ஸ்விட்சைத் தொடக் கூடாது. பேட்டரி முழுசா நிறையணும். தினமும் காலையில கண்ணாடியைத் துடைக்கணும்."

"அதுவரைக்கும் லாந்தர்தானே? பாத்துக்கிடுதேன்." அன்றிலிருந்து பனியில் ஏணி ஏறித் தகடுகளைத் துடைத்தது அவர்தான்.

ஜனவரி கடைசி நாள். பஸ் பாதி வழியில் நின்றுவிட, இருட்டுகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். உள்ளே ஒரு பெண் வலியில் கத்திக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா லாந்தரோடு வாசலுக்கு ஓடி வந்தார். "சார், போடலாமா, கூடாதா? ஜல்தி சொல்லுங்க!"

ஹைட்ரோமீட்டர் குழாயோடு பேட்டரிப் பெட்டி முன் உட்கார்ந்தேன். முதல் பேட்டரி பச்சை. அடுத்ததும் பச்சை. ஐந்துவரை பச்சைதான். ஆறாவதில் மிதவை ஆடிக்கொண்டே இருந்தது. கடவுளே, நில்லேன்! நின்றது. பச்சைக் கோட்டில் நின்றது.

"போடுங்கம்மா!"

டியூப் லைட் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டுப் பளிச்சென்று எரிந்தது. கதவு சாத்திக்கொண்டது. கதவிடுக்கில் தெரிந்த அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். அது ஒரு தடவைகூட மங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டது.

நர்ஸம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பொம்பளப் பிள்ள சார். உம்ம லைட்டு ரொம்பக் கூசுதாம், கண்ணையே தொறக்க மாட்டேங்கா."

எனக்குக் கோபம்தான் சட்டென்று வரும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அழுகை வந்தது.