குப்பை என்ற பெயரில் ஒரு சர்வர்

பீர்மேட்டில் எங்கள் தேயிலைக் கம்பெனியின் சிஸ்டம் மேனேஜர் முனீஸ்வரனைப் பதினாறு வருஷமாகப் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்து வருகிறேன். இத்தனை நாள் பார்த்தும் அந்த ஆள்மேல் எனக்கு மருந்துக்குக்கூட மரியாதை வரவில்லை. அவன் மேஜைமேல் நிற்கும் பலகையில் 'மிஸ்டர் ஈஸ்வர்' என்றிருக்கும். தோட்டத்தின் இரண்டாம் டிவிஷனில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் பிறந்து, அங்கிருக்கும் முனீஸ்வரன் கோவிலில் மொட்டை போட்டு வைத்த பெயர் அவனுடையது. கொச்சியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் திரும்பும்போது பெயரின் முன்பாதியை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தான். லைன் ஆட்கள் யாராவது "ஏ முனீசு" என்று கூப்பிட்டால், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடப்பான்.

அவனுடைய அப்பா பிச்சைமணி தோட்டத்தில் சூப்பர்வைசர். காலையில் மஸ்டர் எடுப்பது அவர் வேலை. அவர் பெயரை வாசிக்க வேண்டும், ஆட்கள் குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காதவருக்கு அன்று வேலை இல்லை. வேறு யாரும் வாசிக்க அவர் விடமாட்டார். தொண்டை கட்டிய ஒருநாள், இருநூறு பேரைப் பனியில் நிற்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வெந்நீர் குடித்துவிட்டு வந்து தானே வாசித்தார். அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த சொத்து இந்த வீம்பு மட்டும்தான்.

போன வருஷம் கொச்சித் தலைமை ஆபீஸ் ஒரு மென்பொருள் வாங்கியது. கம்பெனி நெட்வொர்க்கில் என்னென்ன கம்ப்யூட்டர் இருக்கிறது என்று தானே தேடிப் பட்டியல் போடுமாம். அதற்கு முதலில் டைரக்டரி சர்வரைப் பதிவு செய்ய வேண்டும். எல்லாக் கம்ப்யூட்டரின் பெயரும் அதில்தான் இருக்கிறது. அதில் சேராத சர்வர்களை, விண்டோஸா லினக்ஸா என்று சொல்லி, தனித்தனி லாகினும் பாஸ்வேர்டும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அது ஒவ்வொன்றின் கதவையும் தட்டும். எங்கள் பாஷையில் சொன்னால் இதுவும் மஸ்டர்தான். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு மஸ்டர், பதில் சொல்லாத கம்ப்யூட்டர் ஐந்து மணிக்குத் தானாக நெட்வொர்க்கிலிருந்து வெட்டப்படும் என்று உத்தரவு வந்தது. கொச்சியிலும் மேதைகளுக்குப் பஞ்சமில்லை.

இந்த வேலைக்கென்று தனியாக ஒரு கணக்கு திறக்கவும், அதன் பாஸ்வேர்டை மாற்றாதிருக்கவும் என்று குறிப்பில் எழுதியிருந்தது. முனீஸ்வரன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"எம்பேரச் சொன்னா எந்தக் கதவுதான் தொறக்காது?" என்றான். தன் சொந்த லாகினையே கொடுத்து டைரக்டரியைப் பதிவு செய்தான். அறுபத்து மூன்று பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. அன்று புதன்கிழமை.

அன்று மத்தியானம் டிஸ்பென்சரியிலிருந்து எப்சிபா வந்தாள். அங்கே அவள் கம்பவுண்டர். ஆபீஸ் தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, இரண்டாயிரத்து எழுநூறு பேரின் வைத்தியக் குறிப்பை அதில் ஏற்றி வைத்திருக்கிறாள். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அதைப் பார்த்துத்தான் மூன்று டிவிஷன் நர்சுகளும் ஊசி போடுகிறார்கள். ஒன்பது வருஷமாக ஒருதரம்கூட முனீஸ்வரனைக் கூப்பிடாமல் ஓடுகிற சர்வர் அது. அந்த ஒரு குற்றத்தை அவன் மன்னிக்கவே இல்லை. டைரக்டரியில் அதைச் சேர்க்கவும் இல்லை.

"அண்ணே, நம்ம டிஸ்பென்சரி சர்வரையும் பதிஞ்சு விட்டுருங்க. வெட்டிட்டாங்கன்னா நர்சுக கண்ணக் கட்டிக்கிட்டுல்ல ஊசி போடணும்?" என்றாள்.

"சார்னு கூப்பிடு. கண்ட பெட்டிக்கெல்லாம் சர்வர்னு பேரு வைக்க முடியாது."

"மூணு கிலோமீட்டர் நடந்து வந்துருக்கேன். பதிஞ்சாத்தான் போவேன்." லாகினும் பாஸ்வேர்டும் எழுதிய துண்டுச் சீட்டை மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

அரைமணி நேரம் நின்றாள். அவளைத் துரத்த வேறு வழி தெரியாமல், சீட்டில் இருந்த லாகினையும் பாஸ்வேர்டையும் போட்டு ஒரு வரி சேர்த்தான். பெயர் என்ற இடத்தில் 'குப்பை' என்று அடித்து, எங்கள் பக்கம் திருப்பிக் காட்டிச் சிரித்தான். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். நான் பேசாமல் இருந்தேன், அது எனக்கும் பெருமையில்லை. எப்சிபா சிரிக்கவில்லை. அவன் சேமிக்கும் பட்டனை அமுக்குகிறானா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை தோறும் ராகு காலம் முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றுவது அவன் வழக்கம். அன்றைக்கும் பன்னிரண்டு அடித்ததும் பயபக்தியோடு மாற்றினான். இரண்டு மணிக்கு மஸ்டர் தொடங்கியது. மென்பொருள் பாவம், புதன்கிழமை கொடுத்த பழைய பாஸ்வேர்டோடு போய்த் தட்டியது. ஐந்து தரம் தப்பாகத் தட்டினால் கணக்குப் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது. அறுபத்து மூன்றில் ஒன்றுகூடக் குரல் கொடுக்கவில்லை. தன் பெயர்மேல் இருந்த நம்பிக்கையில் அவன் ஐந்து மணிவரை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூட்டைத் திறக்கும் அதிகாரம் பீர்மேட்டில் வேறு யாருக்கும் கிடையாது. இருந்த ஒருவரிடமிருந்தும் போன மாசம்தான் பிடுங்கியிருந்தான்.

ஐந்து மணிக்கு ஆபீஸ் முழுக்க நெட்வொர்க் செத்தது. கொச்சியிலிருந்து ஆர்த்தி என்ற பெண் போன் செய்தாள்.

"சார், உங்க எடத்துல ஒண்ணே ஒண்ணுதான் பதில் சொல்லுது. பேரு குப்பைன்னு இருக்கு. பூட்டைத் திறக்கணும்னா கம்பெனி நெட்வொர்க்ல இருந்து மனு அனுப்பணும். நீங்க போட்ட ரூல்தான் சார் அது. அங்க போய் அனுப்புங்க."

ஜீப் கேட்கிற படிவமும் செத்துப்போன அந்தக் கம்ப்யூட்டரில்தான். மழையில் டிஸ்பென்சரிக்கு மூன்று கிலோமீட்டர் இறங்கி நடந்தான். நானும் குடையோடு கூடப் போனேன். உதவிக்கு இல்லை, வேடிக்கை பார்க்கத்தான்.

டிஸ்பென்சரி பெஞ்சில் கொழுந்து பறித்து வந்த பெண்கள் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, திரையில் நோயாளிகளின் குறிப்புகள் வந்துகொண்டிருந்தன. அவன் நேராக உள்ளே நுழையப் போனான்.

"டோக்கன் எடுத்தீங்களா, சார்?" என்றாள் எப்சிபா. பதினோராம் நம்பர் டோக்கனைக் கையில் கொடுத்துவிட்டு, அவன் பெயரைத் திரையில் அடித்தாள்.

ஈரச் சட்டையோடு பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தான். பக்கத்திலிருந்த கிழவி அவனை உற்றுப் பார்த்துவிட்டுத் தள்ளி இடம் கொடுத்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பத்தாவது ஆள் மருந்து வாங்கிப் போனதும் எப்சிபா திரையைப் பார்த்து வாசித்தாள்.

"பிச்சைமணி மகன் முனீஸ்வரன்!"

அவன் கை போனைத் தேடிப் பைக்குள் போனது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். எப்சிபா இன்னொரு தரம் வாசித்தாள்.

அவன் எழுந்து நின்று, "இங்கதான் இருக்கேன்" என்றான்.