பரமசிவன் கூட்டிய வேகம்

தச்சநல்லூர் பரமசிவன் பகலில் வண்ணார்பேட்டையில் லோடு ஆட்டோ ஓட்டுவான். கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டால் கணியான் கூத்தில் மகுடம் அடிப்பான். அந்த ஒற்றைத் தோல் கொட்டுக்குச் சேலையும் சலங்கையும் கட்டி ஆடுகிறவன் அவன் தங்கை புருசன் குமரகுருபரன். மீசை அரும்பிய காலம் முதல் இந்தக் கைக்கு அந்தக் கால்தான்.

இந்த ஆட்டத்தை ஆராய வந்தவள் பாளையங்கோட்டைப் பெண் எப்சி. பார்த்து எழுதினால் போதாது, தன் உடம்பிலும் ஏற வேண்டும் என்று அவளே சலங்கை கட்டிப் பழகினாள். ஒருநாள் காலை குமரகுருபரன் அவளுக்கு ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. வரும் வழியிலேயே சொல்லிவிட்டான்.

"மச்சான், முட்டி வீங்கிக் கெடக்கு. ராதாபுரம் கொடை வரைக்கும் தாங்கணும். இன்னைக்குப் பைய அடியும்."

பரமசிவனும் பையத்தான் அடித்தான். பின்னால் நின்று ஆடிய எப்சி கேட்டாள்: "அண்ணாச்சி, எப்பத் திரும்பணும்னு சொல்லுதது கொட்டா, காலா?"

"கொட்டுதான். என் கை சொல்லுததை அவன் கால் கேக்கும்."

"போம்வே! என் கால் போற போக்குக்கு நீரு தட்டிக்கிட்டு வாரீரு" என்று சிரித்தான் குமரகுருபரன்.

படித்த பிள்ளை முன்னால் சொல்லிவிட்டானே என்று பரமசிவனுக்குச் சுருக்கென்றது. சொல்லாமல் கொள்ளாமல் வேகத்தைக் கூட்டினான். அந்தக் கால் யோசிக்கவே இல்லை. கொட்டு இழுத்த இழுப்புக்குச் சுழன்றது. பார்த்தியா என்று இவன் நிமிர்ந்தபோது குமரகுருபரன் தரையில் கிடந்தான்.

ஜவ்வு கிழிந்துவிட்டது, இந்த வருசம் ஆட்டமே கிடையாது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் பரமசிவனின் தங்கை தங்கத்தாய் எப்சியைப் பிடித்துக்கொண்டாள். "ஒம் படிப்புக்கு எம் புருசன் காலுதான் கெடச்சுதா?"

"நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாதுக்கா" என்று அந்தப் பெண் அழுதாள்.

பரமசிவன் ஜன்னலைப் பார்த்து நின்றான். பழி அவள் மேலேயே கிடந்துவிட்டுப் போகட்டும் என்றது மனசு. ஆனால் எப்சி கை கூப்பியதைப் பார்த்ததும் தாங்கவில்லை.

"அந்தப் பிள்ளைய ஏசாத. வீக்கம்னு தெரிஞ்சேதான் கூட்டி அடிச்சேன்."

தங்கத்தாய் அண்ணன் முகத்தையே பார்த்தாள். "அப்ப ராதாபுரத்துக்கு நீயே சேலையைக் கட்டிக்கிட்டுப் போ."

"இந்த மீசைக்கா?" என்று குமரகுருபரன் குலுங்கிச் சிரித்ததில், கட்டுப் போட்ட கால் தலையணையை விட்டு நழுவியது. பல்லைக் கடித்து முனகினான். தூக்கி வைக்கலாம் என்று பரமசிவன் குனிந்தான். தொடக் கை வரவில்லை. தங்கத்தாய்தான் அவனைத் தள்ளிவிட்டுக் காலை எடுத்து வைத்தாள்.