சொல்லாத ஒன்பதாவது சொல்

1975 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே முக்கால் மணி. பனி விலகாத வெயில். செங்கல்பட்டில் மாமல்லபுரம் பேருந்து ஏறினோம்: நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள், ஐந்து வயது மகன். மகன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டே வந்தான். நான்கு முறை உள்ளே இழுத்துப் பார்த்துவிட்டு ஒரு விளையாட்டு வைத்தேன். நான் சொல்லும் சொற்களைத் திருக்கழுக்குன்றம் வந்ததும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாததைச் சொன்னால் தோல்வி. ஜெயித்தவருக்கு மாமல்லபுரத்தில் ஒரு கல் யானை பொம்மை.

வலை, படகு, மீன், அலை, துடுப்பு, நண்டு, சிப்பி, உப்பு. சொல்லுக்கு ஒரு விரல் மடக்கினேன்.

திருக்கழுக்குன்றத்தில் மகனுக்கு மூன்றுதான் வந்தது. மூன்றும் சரி. மகள் எட்டையும் ஒப்பித்துவிட்டு, "கடல்" என்றாள்.

"அப்பா கடல் சொல்லல," என்றான் மகன்.

முன் இருக்கையில் இருந்த, எங்கள் தெருத் துணிக்கடை பாய் திரும்பினார். "சொன்னாரும்மா. நானும் கேட்டுகினுதான வரேன்."

"சொன்னீங்களே," என்றாள் மனைவியும்.

எனக்கும் அப்படித்தான் நினைவு. ஆனால் மடக்கியது இடது கை முழுவதும், வலது கையில் மூன்று விரல். எட்டு. மகள் சொன்னவை ஒன்பது.

"இன்னா சார் இது, படகு கீது, அலை கீது, கடல் மட்டும் இல்லாம எப்டி?" என்று பாய் குறைபட்டுக்கொண்டார்.

யானை மகனுக்குப் போனது. மகள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அன்று முதல் அவன், "அக்கா பொய்யி" என்று பாடத் தொடங்கியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நான்கு வருடம் பாடினான், விருந்தாளிகள் முன்னாலும். "நான் பொய் சொல்லலப்பா. நிஜமாவே காதுல கேட்டுச்சு," என்பாள். நம்பினேன். நிரூபிக்கத்தான் வழி தெரியவில்லை.

1979 மே மாதம், மறுபடி அதே பேருந்து. அவளுக்குப் பதினாறு, அவனுக்கு ஒன்பது.

"டேய், இன்னிக்கு நான் சொல்றேன்," என்றாள். கரும்பலகை, சாக்பீஸ், வாத்தியார், மணி, பிரம்பு, பெஞ்சு, பரீட்சை, சிலேட்டு. இம்முறை விரலை மடக்கும்போது சொல்லையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றத்தில் அவன் ஏழு சொற்கள் சொன்னான். முன்பு மூன்று, நல்ல முன்னேற்றம். அடுத்து, கொஞ்சமும் யோசிக்காமல், "பள்ளிக்கூடம்."

"நான் அத சொல்லல."

"சொன்னே. சத்தியமா சொன்னே. அம்மா, சொன்னாளா இல்லையா?"

"சொன்னாளே," என்றாள் மனைவி, இம்முறையும்.

நான் எட்டையும் வரிசையாகச் சொன்னேன். பள்ளிக்கூடம் அதில் இல்லை. ஐந்து வயதில் கேட்ட சொல்லை மட்டும் வைத்திருந்தவன், வளர்ந்ததும் கேட்காததையும் சேர்த்து வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தான், எங்களைப் போலவே.

"உனக்குக் காதுல கேட்டுச்சா இல்லையா?" என்று கேட்டாள் மகள்.

"கேட்டுச்சு."

"எனக்கும் அப்படித்தான்டா."

மாமல்லபுரம் வரும்வரை அவன் விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தான். எனக்குக் கவலையாகிவிட்டது, நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. இறங்கும்போது, "அப்போ நீ பொய்யி இல்ல," என்றான்.

"வாயால சொன்னா ஆச்சா? நாலு வருஷம்டா."

எதிரே இருந்த ஓட்டலுக்கு அவனை இழுத்துக்கொண்டு போய் அபராதம் விதித்தாள்: மீன் வறுவல் இரண்டு, ரோஸ்மில்க் ஒன்று. அவனிடம் காசு ஏது? நான்தான் கொடுத்தேன், ஐந்து ரூபாய் எழுபத்தைந்து பைசா.