சொந்த ஊருக்கு விசிட்டிங் வந்த அக்கா

போன வாரம் சேலையூரில் ஒரு வீட்டில் பழைய ஃப்ரிட்ஜைப் பிரித்தேன். ஃப்ரிட்ஜ், ஏசி சர்வீஸ்தான் எனக்கு வேலை. பின்னால் இருந்த தட்டில் தண்ணீர் தேங்கிப் பச்சையாகிக் கிடந்தது. குப்பென்று ஒரு வாடை, ஏரிச்சேறு மாதிரி. வீட்டுக்கார அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். நான் குனிந்து இன்னொரு தடவை மோந்து பார்த்தேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். என்னவென்று சொல்வது? எங்கள் அக்கா ஆறு மாதம் சாயங்காலமானால் இந்த வாடையோடுதான் வீட்டுக்குள் நுழைவாள்.

அக்கா இப்போது இல்லை. ஐதராபாத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நானும் அம்மாவும் ரயிலில் போய் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் வேறு யாரையோ பற்றி எழுதியது போல இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். அந்த ஆறு மாதத்தைச் சொல்கிறேன், அதுவாவது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அவள் பெயர் எஸ்தர். ஐதராபாத்தில் ஒரு யுனிவர்சிட்டியில் பிஎச்டி படித்தாள். ஏரித்தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பூச்சிகளைப் பற்றிய படிப்பு. நான் ஒன்பதாவதோடு நின்றவன், அதற்கு மேல் கேட்காதீர்கள். ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். நம் தாம்பரம் பக்கத்திலேயே இன்னொரு யுனிவர்சிட்டியில் ஆறு மாதம் 'விசிட்டிங் ஸ்டூடண்ட்' என்றாள்.

"அப்டின்னா இன்னாக்கா?"

"நான் ஐதராபாத் ஸ்டூடண்ட்தான்டா. இங்க இருக்கிற லேப்ல வந்து வேலை பாப்பேன்."

"அப்போ பரிட்சை இங்க எழுதுவியா?"

"இல்ல."

"அங்க?"

"அங்கயும் இப்போ இல்ல."

"அப்போ ஃபெயிலா?"

தலையணை பறந்து வந்தது.

அம்மாவுக்கும் புரியவில்லை. தெருவில் கேட்டவர்களிடம் "டிரான்ஸ்ஃபர்" என்று சொல்லிவிட்டாள், பேங்க் வேலை மாதிரி. கீழ்க்கட்டளைப் பெரியம்மா மட்டும் விடவில்லை. "பொண்ணு எதுனா பண்ணிட்டு வந்துகீதா? உண்மைய சொல்லு" என்று சமையலறையில் அம்மாவின் காதைக் கடித்தார்கள். அது அக்காவுக்கும் கேட்டுவிட்டது. "ஆமா பெரியம்மா, ரெண்டு கொலை பண்ணிட்டேன். ரெண்டுமே பூச்சி" என்றாள் உள்ளேயிருந்து.

நான் எனக்குப் புரிகிற மாதிரி ஒன்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஓனர் சில நேரம் என்னைப் பெரிய கம்பெனி கான்ட்ராக்டுக்கு அனுப்புவார். சட்டை அவர்களுடையது, சம்பளம் எங்கள் ஓனருடையது. அதை அக்காவிடம் சொன்னேன். "கரெக்ட்டுடா, கிட்டத்தட்ட அதான்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் உடனே இன்னொரு சந்தேகம். கான்ட்ராக்ட் வேலையில் ஏதாவது உடைந்துவிட்டால் இவர்கள் அவரைக் கேள் என்பார்கள், அவர் இவர்களைக் கேள் என்பார். உனக்கும் அப்படித்தானா என்றேன். சிரித்தாள்.

அவளுக்கு அங்கே ஐடி கார்டு வரவே இல்லை. கேட்டில் தினமும் கையெழுத்துப் போட்டு, 'விசிட்டர்' என்று ஒரு ஸ்டிக்கரைச் சுடிதாரில் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். சொந்தமாக மேஜையும் கிடையாது. யார் லீவோ அவர்கள் நாற்காலியில் உட்காருவாளாம். பிறந்து வளர்ந்த ஊரில் விசிட்டர். அந்த ஸ்டிக்கரோடே வீட்டுக்கு வருவாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன்.

"மேடம், யாரைப் பாக்கணும்?"

"ஒரு லூசு இங்க கீறான்னாங்க, அவனைத்தான்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என் பைக்கில் ஏரிக்குப் போவோம். சிட்லபாக்கம், செம்பாக்கம், கீழ்க்கட்டளை என்று வாரம் ஒன்று. நான் ஒரு கையால் மரத்தையும் ஒரு கையால் அவளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் சரிந்து குனிந்து பாட்டிலில் தண்ணீரும் சேறும் எடுப்பாள். ஒருநாள் சிட்லபாக்கம் கரையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆள் ஒருவர் கேட்டார்.

"இன்னாம்மா, மீனா புடிக்கிற?"

"இல்லண்ணா, மீனுக்குச் சாப்பாடு கீதான்னு பாக்குறேன்."

"அதுக்கு இன்னாத்துக்கு பாட்டிலு? பொரி வாங்கிப் போடு, புண்ணியமாப் பூடும்."

அக்கா சிரித்ததில் இரண்டு பேருமே முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டோம்.

ஒருமுறை என்னை அந்த லேபுக்குக் கூட்டிப்போனாள். மற்றவர்கள் கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்ப்பார்கள், நான் அங்கே இருந்த ஃப்ரீசரைப் பார்த்தேன். என்னைவிட உயரம். உள்ளே மைனஸ் எண்பதாம். திறந்தால் புகை மாதிரி கொட்டுகிறது. அடுக்கடுக்காக டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஏரித்தண்ணீர் வைத்திருந்த அக்காவின் டப்பாவில் நீல மையில் 'எஸ்தர்', பக்கத்தில் ஒரு குட்டி மீன். பக்கத்து டப்பாவை நகர்த்தக் கை வைத்தேன். படாரென்று தட்டிவிட்டாள்.

"அடுத்தவங்க டப்பாவ யாரும் தொடக் கூடாதுடா."

"வழியில இருந்தா?"

"இருந்தாலும். அவங்கவங்க வந்து சொன்னாத்தான் எடுப்பாங்க. லேப்ல அதான் மரியாதை."

ஆறு மாதம் முடிந்து ஐதராபாத்துக்குக் கிளம்பினாள். டப்பாவை எடுத்துப் போகவில்லை. அடுத்த விசிட்டுக்கு வருவேன், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

சேலையூர் ஃப்ரிட்ஜை மூடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அந்த லேபிலிருந்து திவ்யா என்ற பெண். லோக்கல் ஆள் என்று அக்கா என் நம்பரைத்தான் கொடுத்திருந்தாளாம்.

"அண்ணா, ஃப்ரீசர்ல இடம் இல்ல, ஒழிச்சு வைக்கிறோம். எஸ்தரக்கா டப்பா ஒண்ணு இருக்கு. ஐதராபாத்ல கேட்டா, இங்க எடுத்த சாம்பிள், உங்க லேபோடதுங்கறாங்க. எங்க சார், அவங்க விசிட்டர்தானே, அவங்க யுனிவர்சிட்டிதான் சொல்லணும்ங்கறாரு. நீங்க வர முடியுமா?"

போனேன். கேட்டில் எனக்கும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். திவ்யா டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தது. மேலே வெள்ளையாகப் பனி. அக்கா போன சேதி வந்த பிறகுகூட ஒருவரும் அதைத் தொடவில்லையாம். நடுவில் ஃப்ரீசர் கெட்டுப்போனபோது மட்டும் எல்லோர் டப்பாவோடும் சேர்த்து இதையும் ஐசில் வைத்துக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் உருகிவிட்டது.

"அப்போ இது யாருக்காவது ஆவுமா?"

"ஆவாதுண்ணா. உருகி மறுபடி உறைஞ்சது. டெஸ்ட்டுக்கு வராது."

"பின்ன ஏன் வச்சிருந்தீங்க?"

"யாராவது சொல்லணுமில்லண்ணா, போட்டுடலாம்னு."

அதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு யுனிவர்சிட்டியும் சொல்லாததை ஒன்பதாவது படித்தவன் சொல்ல வேண்டும். பனி இளகி மூடியில் முத்து முத்தாகத் தண்ணீர் இறங்கியது. கெட்டுப்போனதை வைத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை என்று நான் தினமும் எத்தனை வீட்டில் சொல்கிறேன்.

"போட்டுடுங்க" என்றேன்.

இட்லிக் குண்டானுக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு இரும்பு மிஷின். டப்பாவைப் பையில் போட்டு அதற்குள் வைத்து மூடித் திருகினார்கள். ஆவியில் வேகவைத்துத்தான் குப்பையில் போடுவார்களாம். ஃப்ரீசரில் அந்த இடம் சதுரமாகக் காலியாக இருந்தது. "என் டப்பாவ இங்க வச்சிக்கட்டுமாண்ணா?" என்று திவ்யா கேட்டது. என்னிடம் ஏன் கேட்கிறது என்று புரியவில்லை. தலையாட்டினேன்.

வீட்டுக்கு வரும்போது சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் வண்டியை விட்டேன். நாங்கள் சறுக்கிய இடத்தைத் தேடினேன். கம்பி வேலி போட்டு, நடைபாதை போட்டிருக்கிறார்கள். ரிட்டயர்டு ஆட்கள் கையை வீசிக்கொண்டு நடக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. தண்ணீரைத் தொட வழி இல்லை. நான் பிடித்துக்கொண்டு நின்ற மரம் எதுவென்றும் தெரியவில்லை. வாடைகூட வரவில்லை.

வீட்டில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடா கூப்ட்டாங்க?"

"அக்கா டப்பா ஒண்ணு இருந்துச்சும்மா. அவளே பேரு எழுதினது. மீன்லாம் வரஞ்சு..."

அம்மா குழாயை மூடினாள். இரண்டு கையையும் முந்தானையில் துடைத்தாள், விரல் விரலாக. அப்புறம் என் முன்னால் நீட்டினாள்.

"குடு."

லேபில் நின்ற அவ்வளவு நேரமும் நான் தண்ணீரைப் பற்றித்தான் யோசித்தேன். அது கெட்டுப்போயிருந்தது. டப்பா கெட்டுப்போகவில்லை. அதை மட்டும் கேட்டு வாங்கலாம் என்று எனக்கு அங்கே தோன்றவே இல்லை, திவ்யாவுக்கும் தோன்றவில்லை.

அம்மாவின் கை அப்படியே நீண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், கையில் இருந்த பைக் சாவியை அதில் வைத்தேன்.